ஒரு மணி நேர ஹெச்பிவி டெஸ்ட்: காசும் நேரமும் எங்கே போகிறது?

#1 பைப்பட்

வீட்டில் யாராவது "நீ அந்த லேப்ல என்னதான் பண்றே?" என்று கேட்டால், "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குற வைரஸுக்கு மலிவா ஒரு டெஸ்ட்" என்பேன். அடுத்த கேள்வி தயாராக நிற்கும். "கோவிடுக்குக் கோடு விழற கிட் கால் மணி நேரத்துல காட்டுச்சே, இதுக்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம்?"

கேள்வி நியாயமானது, அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

கோவிட் கிட் பிடிப்பது வைரஸின் புரதத்தை. மூக்கில் அது கொட்டிக் கிடக்கும். ஹெச்பிவி, அதாவது நான் சொன்ன அந்த வைரஸ், ரத்தத்துக்கே வராது. கர்ப்பப்பை வாயின் மேல்தோல் செல்களுக்குள் ஒண்டிக் கிடக்கும். அது போடும் புரதமும் சொற்பம். இ6 என்ற புற்றுநோய்ப் புரதத்தைப் பிடிக்கும் பட்டைகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கோடு விழுந்தால் விஷயம் பெரும்பாலும் நிஜம். ஆனால் விழாமல் நழுவிப்போகும் கேஸ்கள் அதிகம். ஆகவே டிஎன்ஏவைத்தான் தேட வேண்டும், தேடுவதற்கு முன் அதைப் பெருக்க வேண்டும்.

பெருக்குவதற்கு, சூட்டை ஏற்றி இறக்கும் பிசிஆர் மெஷின் வேண்டும், அதுதான் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். இப்போது அப்படி இல்லை. லேம்ப் என்று ஒரு முறை 2000-லேயே ஜப்பானில் நோட்டோமி குழு வெளியிட்டது. சூட்டை ஏற்றி இறக்கும் வேலை கிடையாது. 65 டிகிரியில் டியூபை அப்படியே வைத்தால் அரை மணி, முக்கால் மணியில் டிஎன்ஏ பல கோடி மடங்காகிவிடும்.

காசையும் நேரத்தையும் தின்பது அதற்கு முந்தைய படி. ஸ்வாபில், அதாவது மாதிரி எடுக்கும் குச்சியில், வருவது சுத்தமான டிஎன்ஏவா என்ன? சளி, ரத்தம், கிருமி எல்லாம் சேர்ந்த கலவை. நேற்று ஒரு மாதிரியை உறிஞ்சினேன். பைப்பட் என்ற உறிஞ்சு குழாயின் நுனியிலிருந்து ஒட்டடை மாதிரி ஒரு இழை தொங்கியது, உதறினாலும் விழவில்லை. அந்த இழைக்குள் செல் இருக்கலாம், டிஎன்ஏவைப் பெருக்கும் என்சைமை முடக்கும் சமாச்சாரமும் இருக்கலாம். பெரிய லேபில் இதைக் கழுவ வடிகட்டிக் குழாய், சென்ட்ரிஃப்யூஜ், நாலு வகைத் திரவம், பயிற்சி பெற்ற ஒரு ஆள் என்று எல்லாம் இருக்கும். இந்தக் கழுவலைத் தூக்கி எறிந்தால்தான் டெஸ்ட் லேபை விட்டு வெளியே வரும்.

அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகக் குழு அந்த வழியில்தான் போயிருக்கிறது. டிஎன்ஏவைத் தனியே பிரிக்காமல் நேராக லேம்ப். எண் போட்டுப் பிரித்த ஹெச்பிவி வகைகளில் 16, 18, 45 ஆகிய மூன்று. ஒரு மணி நேரத்துக்குள் ரிசல்ட். டெஸ்ட் ஒன்றுக்கு 8 டாலருக்கும் கீழே. நாங்கள் செய்வதும் அதே ஜாதிதான், இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை.

களத்தில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: இந்த "ஒரு மணி நேரம்" உங்களுக்கு நிஜமாகவே முக்கியமா, இல்லை நாங்கள்தான் கட்டுரைக்காக அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோமா?

#2 வார்டு ஏழு

முக்கியமாவா? நான் நர்ஸ் தம்பி, பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒரு முகாம் கதை சொல்றேன், எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க.

காலைல எட்டு மணிக்கே லைன். மாதிரி எடுத்தோம், பெரிய லேபுக்கு அனுப்பினோம். மூணு வாரம் கழிச்சு லிஸ்ட் வந்துச்சு. பாசிட்டிவ் வந்தவங்களுக்குப் போன் போடுற வேலை எனக்கு. ஒரு நம்பர் சுவிட்ச் ஆஃப். ஒண்ணுல மாமியார் எடுத்தாங்க, என்ன விஷயம்னு அவங்ககிட்ட சொல்ல முடியுமா? ஒண்ணு பக்கத்து வீட்டுக்காரர் நம்பர். ஒரு பொண்ணு வேலை தேடி வேற ஊருக்கே போயிடுச்சு. பிடிக்க முடிஞ்சவங்கள்ல பாதிப் பேர் "ஒண்ணும் வலி இல்லையே சிஸ்டர், அப்புறம் வரேன்"னாங்க. அந்த லிஸ்ட் இன்னும் என் டிராயர்ல இருக்கு.

அதனால உங்க டெஸ்ட் எத்தனை நிமிஷம்ங்கறதை நான் வேற மாதிரி பாப்பேன். அந்தப் பொண்ணு செருப்பு மாட்டி வெளிய போறதுக்குள்ள ரிசல்ட் வருமா, வராதா? அவ்ளோதான். மூணு மணி நேரம்னா பிள்ளையை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும்னு கிளம்பிடுவாங்க.

#3 கணக்குப்பிள்ளை

சிஸ்டர் சொன்னதற்கு ஏற்கெனவே முன்னுதாரணம் உண்டு. கேர்ஹெச்பிவி என்ற டெஸ்டை பாத் என்ற தொண்டு அமைப்பும் கியாஜென் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கினார்கள், ஏழை நாடுகளுக்காகவே. 2008-ல் சீனாவில் செய்த சோதனையின் முடிவு லான்செட் ஆன்காலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது, உணர்திறன் (கோளாறு உள்ளவர்களைத் தவறவிடாமல் பிடிக்கும் விகிதம்) சுமார் 90 சதவீதம். இரண்டரை மணி நேரம்தான். காகிதத்தில் எல்லாம் பிரமாதம். ஆனால் ஒரு தட்டில் 90 மாதிரி. தட்டு நிறையும்வரை காத்திருந்தால் இரண்டரை மணி நேரம் இரண்டு வாரமாகும். நிறையாமல் ஓட்டினால் விலை எகிறும்.

ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மெஷின் அந்தச் சிக்கலைத் தீர்த்தது: ஒரு கார்ட்ரிட்ஜ், ஒரு மாதிரி, ஒரு மணி நேரம். ஆனால் அந்தக் கழுவல் வேலை முழுவதையும் கார்ட்ரிட்ஜுக்குள் அடைத்திருக்கிறார்கள், விலையும் அதற்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. பைப்பட் சொன்ன சங்கதிதான்.

ஒரு எதிர்க்கேள்வி. அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் முறை இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு? அதைவிட மலிவு எது?

#4 வார்டு ஏழு

நான் நூத்துக்கணக்குல செஞ்சிருக்கேன் சார். 3-லிருந்து 5 சதவீதம் அசெட்டிக் ஆசிட், பஞ்சுல தொட்டு வெச்சு ஒரு நிமிஷம் காத்திருக்கணும். கோளாறான இடம் வெள்ளையாகும். சொல்ல சுலபம். டார்ச்சுல பேட்டரி கொறஞ்சா எல்லாமே மஞ்சளாத் தெரியும். சாதா அழற்சி இருந்தாலும் லேசா வெளுக்கும். ஒருநாள் ஒரே அம்மாவை நானும் கூட இருந்த சிஸ்டரும் பாத்தோம், நான் "இருக்கு"ன்னேன், அவ "இல்லை"ன்னா. ரெண்டு பேரும் ஒரே டிரெயினிங் முடிச்சவங்க. கடைசில யார் சீனியரோ அவங்க சொன்னதுதான் ரிப்போர்ட்.

#5 மரு. நிலா

சிஸ்டர் சொல்வது எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஆனாலும் அந்த முறையை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். திண்டுக்கல்லில் நடந்த ஆய்வில், நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் அதைச் செய்தபோது இறப்பு 35 சதவீதம் குறைந்தது, 2007 லான்செட். ஆனால் மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் 1,31,746 பெண்களை நாலு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள்: ஹெச்பிவி டெஸ்ட், பாப் ஸ்மியர் (செல்களைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது), அசெட்டிக் அமிலம், வழக்கமான கவனிப்பு மட்டும். முடிவு 2009-ல் வந்தது. ஹெச்பிவி டெஸ்ட் ஒரே ஒரு முறை செய்த பிரிவில்தான் இந்தப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறையப் பாதியானது. மற்ற இரண்டிலும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. வாழ்நாளில் ஒரு முறை, அவ்வளவுதான் என்பதைக் கவனியுங்கள். ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்ப வரவழைக்க முடியாத இடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஹெச்பிவி டிஎன்ஏ டெஸ்டையே முதல் தேர்வாக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை. ஹெச்ஐவி உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை.

ஆனால் பைப்பட், உங்கள் ஆட்களிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. கருத்தரங்குகளில் "எங்கள் டெஸ்ட் பத்தே பத்து வைரஸ் இருந்தாலும் பிடிக்கும்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். தொற்றுகளில் பத்துக்கு ஒன்பது இரண்டு வருஷத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். போகிறபோக்கில் வந்துபோகும் பத்து வைரஸைப் பிடித்து, ஒரு பெண்ணை மாசக்கணக்கில் தூங்கவிடாமல் செய்வதில் என்ன லாபம்? எனக்கு வேண்டியது நிலைத்து நின்று செல்லை மாற்றத் தொடங்கிய தொற்று.

#6 கணக்குப்பிள்ளை

டாக்டர் சொல்வதை ஒரு பேச்சுக்கு எண்ணாகப் போடுகிறேன், நிஜப் புள்ளிவிவரம் என்று யாரும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். 1000 பேரைச் சோதிக்கிறோம், 100 பேருக்கு வைரஸ், அதில் 10 பேருக்குத்தான் புற்றுநோய்க்கு முந்தைய புண். டெஸ்டை இன்னும் கூர்மையாக்கினால் 100 என்பது 160 ஆகும், 10 என்பது 10-ஆகவே இருக்கும். கூடுதல் 60 பேரை யார் பார்ப்பது? சிஸ்டர்தான்.

2009-ல் மெய்யர் என்ற ஆய்வாளரின் குழு வைத்த அளவுகோல் இதற்காகத்தான். புது டெஸ்ட் எதுவானாலும், ஏற்கெனவே நிரூபணமான டெஸ்டோடு ஒப்பிட்டு, முந்தைய புண்ணைக் கண்டுபிடிப்பதில் குறைந்தது 90 சதவீத உணர்திறன், இல்லாதவர்களை விட்டுவிடுவதில் 98 சதவீதம். எத்தனை வைரஸ் பிடித்தாய் என்று அதில் யாரும் கேட்பதில்லை.

#7 சாலிடர்

நான் எலக்ட்ரானிக்ஸ் ஆள், உயிரியல் பத்தாம் வகுப்போட சரி. 65 டிகிரியை அரை டிகிரி பிசகாம பிடிச்சு வைக்க ஒரு அலுமினியக் கட்டை, ஒரு சென்சார், கைக்கு அடக்கமா ஒரு பேட்டரி போதும். நானே ஒண்ணு பண்ணி வெச்சிருக்கேன். டிஎன்ஏ பெருகினா டியூப்ல வர்ற ஒளிர்வைப் படிக்க ஒரு எல்இடி, ஒரு ஃபில்டர். அப்ப மெஷின் ஒரு பிரச்சினையே இல்லையே? டியூப் வெந்ததும் திறந்து ஒரு கோட்டுப் பட்டையை உள்ள விட்டா ஃபில்டர்கூட வேண்டாம். குறிப்பிட்ட டிஎன்ஏவைத் தேடிப் பிடிச்சு வெட்டற கிரிஸ்பர் வெச்சும் பண்றாங்கன்னு படிச்சேன்.

#8 பைப்பட்

சாலிடர், "டியூபைத் திறந்து" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கதையைக் கேளுங்கள்.

போன வருஷம் நாங்களும் பட்டை வழியில்தான் போனோம். ஒவ்வொரு ஓட்டத்திலும் வெறும் தண்ணீர் ஊற்றிய ஒரு டியூப் வைப்போம். அதில் கோடு விழவே கூடாது. ஒரு திங்கட்கிழமை விழுந்தது. லேசாக, பென்சிலால் இழுத்த மாதிரி. பைப்பட் மாற்றினோம், மறுபடி கோடு. தண்ணீர் மாற்றினோம், கோடு. புது பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு), கோடு. ஒரு வாரம் போயிற்று. விஷயம் என்னவென்றால், வெந்த டியூபில் கோடிக்கணக்கில் டிஎன்ஏ நகல் இருக்கும். மூடியைத் திறக்கும் "டொப்" சத்தத்தோடு கண்ணுக்குத் தெரியாத துளி காற்றில் பறக்கும். அது மேஜை, கையுறை, கதவுக் கைப்பிடி என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாள் டெஸ்டுக்கு அதுவே வைரஸ். கடைசியில் அந்த அறையையே விட்டுவிட்டு வேறு மாடிக்குப் போனோம்.

ஒரு சின்ன கிளினிக்கில் இது நடந்தால்? தண்ணீர் டியூப் வைக்காமல் ஓட்டினால்? அன்று வந்த எல்லோருக்கும் பாசிட்டிவ்.

அதனால் இப்போது எங்கள் சட்டம்: மூடிய மூடி திறக்கக் கூடாது. வெளியிலிருந்தே ஒளிர்வைப் படிக்க வேண்டும். உங்கள் எல்இடியும் ஃபில்டரும் பட்டையைவிட அங்கேதான் உயிர்நாடி. கிரிஸ்பரைப் பொறுத்தவரை, 2018-ல் கிரிஸ்பர் விஞ்ஞானி டவுட்னாவின் குழு கேஸ்12ஏ என்சைமை நோயறியப் பயன்படுத்திக் காட்டியபோது எடுத்துக்கொண்ட வைரஸே ஹெச்பிவி 16-உம் 18-உம்தான். அழகான வேலை. ஆனால் பெருக்கலும் கேஸ்12ஏவும் தனித்தனிப் படியாக இருந்தால் மறுபடி மூடியைத் திறக்க வேண்டும். இரண்டையும் ஒரே டியூபில் அடக்குவதில்தான் பலரும் முட்டிக்கொண்டிருக்கிறோம்.

டாக்டரின் சண்டைக்கும் பதில்: ஒப்புக்கொள்கிறேன். அதோடு ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் எந்த ஜீனைத் தேடுகிறோம் என்பதும் இருக்கிறது. எல்1 என்ற பகுதியைத் தேடுவது பழைய பழக்கம். வைரஸ் நம் குரோமோசோமுக்குள் நுழையும்போது அந்தப் பகுதி சிலசமயம் அறுந்து போய்விடும், இ6, இ7 ஜீன்கள் மட்டும் தங்கும். ஆக முற்றிய கேஸைத் தவறவிடும் டெஸ்ட் என்ற கேவலம் நேரக்கூடும். நாங்கள் இ6, இ7 பக்கமே போகிறோம்.

#9 மரு. நிலா

நல்லது. அப்புறம் வகைகள். 16-உம் 18-உம் சேர்ந்தால் இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதம். 45-ஐயும் சேர்த்தால் முக்கால் பங்கு. மிச்சக் கால் பங்குப் பெண்ணிடம் "உங்களுக்கு ஒன்றுமில்லை, பத்து வருஷம் கழித்து வாருங்கள்" என்று நான் எப்படிச் சொல்வது?

#10 பைப்பட்

அதுதான் தினமும் நடக்கும் தகராறு. லேம்புக்கு ஒரு வகைக்கு நாலிலிருந்து ஆறு பிரைமர் வேண்டும். புற்றுநோய் ஆபத்துள்ள பதின்மூன்று வகையையும் ஒரே டியூபில் போட்டால் பிரைமர்களே ஒன்றோடொன்று கட்டிப் புரண்டு, வைரஸ் இல்லாமலே ஒளிர ஆரம்பித்துவிடும். ஸ்கிரீன்ஃபயர் என்ற டெஸ்ட் ஒரு நல்ல சமரசம் செய்கிறது: 13 வகைகள், ஆனால் ஆபத்தின் அளவுப்படி நாலு குழுக்கள். 16 தனியாக, 18-உம் 45-உம் சேர்த்து, 31 வகையறா ஒரு குழு, மிச்சம் ஒரு குழு. பாசிட்டிவ் எல்லாம் ஒன்றல்ல என்று ரிசல்டே சொல்லிவிடும். என் கணிப்பு, இந்த வழிதான் நிற்கும். மூன்று வகை டெஸ்ட் மட்டும் போதும் என்று வாதாட எனக்கே மனசு வரவில்லை.

#11 ஒருத்தி

ரொம்ப நாளா இந்த இழையைப் படிச்சிட்டு மட்டும் இருந்தேன்.

எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பாசிட்டிவ் வந்தது. எந்த இடம்னு சொல்லல. ஒரு காகிதம் கையில குடுத்தாங்க, அதுல ஹெச்பிவி, பக்கத்துல "டிடெக்டட்"னு ஒரு வார்த்தை. கவுண்டர்ல இருந்தவங்க "டாக்டர் அடுத்த வாரம்தான் வருவாங்க"ன்னாங்க. வீட்டுக்கு வந்து போன்ல தேடினேன். முதல்ல வந்தது புற்றுநோய். ரெண்டாவது வந்தது உடலுறவு மூலமாப் பரவும்ங்கறது. அந்த ரெண்டாவது வரியைத்தான் என் கணவரும் படிச்சார். அடுத்த ஏழு நாள் எங்க வீட்ல யாரும் யார்கிட்டயும் பேசல.

அப்புறம் போய்ப் பாத்தா, புண் எதுவும் இல்ல. ஒரு வருஷம் கழிச்சு டெஸ்டும் நெகட்டிவ். அந்த ஏழு நாளை மட்டும் திரும்ப எடுத்துக்க முடியல. டெஸ்ட் எவ்வளவு வேகமா இருந்தா என்ன, அந்தக் காகிதத்தை யார் எழுதறாங்கன்னு நீங்க யாரும் பேசலையே?

#12 மரு. நிலா

மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்த டாக்டர் நானில்லை, ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: இந்த வைரஸ் உடலில் பல வருஷம் சத்தமில்லாமல் இருந்து பிறகு டெஸ்டில் தெரியலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்டாலும் சொல்ல முடியாது. தாம்பத்தியத்தில் இருக்கும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்து போயிருக்கும்.

#13 நடைபாதை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தடுப்பூசிதான் வந்தாச்சே, இனி எதற்கு டெஸ்ட்?

#14 கணக்குப்பிள்ளை

ஊசி முக்கியமாகப் போடுவது பெண் குழந்தைகளுக்கு, 15 வயதுக்கு முன். ஏற்கெனவே இருக்கும் தொற்றை ஊசி விரட்டாது. தொற்றிலிருந்து புற்றுநோய்க்கு 15, 20 வருஷம் ஆகும். இன்று 35, 45 வயதில் இருப்பவர்களை என்ன செய்வது? 2022-ல் மட்டும் உலகில் சுமார் 3,50,000 பெண்கள் இதனால் இறந்தார்கள். 2030-க்கான உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு மூன்று எண்கள்: 90 சதவீதம் சிறுமிகளுக்கு ஊசி, 70 சதவீதம் பெண்களுக்கு 35 வயதுக்குள்ளும் மறுபடி 45 வயதுக்குள்ளும் டெஸ்ட், கண்டுபிடித்தவர்களில் 90 சதவீதத்துக்குச் சிகிச்சை. நடு எண்தான் நொண்டுகிறது.

#15 வார்டு ஏழு

நடு எண் நொண்டறதுக்குக் காரணம், உள்ள விட்டு விரிச்சுப் பாக்கற ஸ்பெக்குலம். அந்த ரூமுக்குள்ள வரவே பாதிப் பேருக்குக் கூச்சம். தாங்களே மாதிரி எடுத்துக்கலாம்னு நாங்க சொன்ன அன்னிக்கு, வராண்டாவுல உக்காந்திருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து "அப்ப எனக்கும் ஒரு குச்சி குடு"ன்னுச்சு. திரைக்குப் பின்னால போய் ரெண்டு நிமிஷத்துல வந்துட்டாங்க. ஆனா ஒண்ணு பாத்தேன், சில பேர் குச்சியை உள்ள விடாமலே திருப்பிக் குடுத்துடறாங்க. பயம். அது நெகட்டிவ்னு வந்துடுமே?

#16 பைப்பட்

வராது சிஸ்டர், அதற்கொரு காவல் இருக்கிறது. அதே டியூபில் மனித ஜீன் ஒன்றையும் தேடுவோம். மனித செல்லே இல்லையென்றால் ரிசல்ட் நெகட்டிவ் இல்லை, "செல்லாது". திரும்ப ஒரு குச்சி கொடுங்கள் என்று மெஷினே சொல்லும். விலையைக் குறைக்கிறேன் என்று இந்தக் காவலை வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்த டெஸ்டை நான் என் அம்மாவுக்குச் செய்ய மாட்டேன்.

#17 கணக்குப்பிள்ளை

தானே எடுத்தது மட்டமோ என்ற சந்தேகம் வேண்டாம். டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் டெஸ்டுகளில், பெண் தானே எடுத்ததும் டாக்டர் எடுத்ததும் உணர்திறனில் ஒன்றுதான். பெருக்காமல் சிக்னலை மட்டும் கூட்டும் பழைய முறைகளில்தான் கொஞ்சம் குறையும். ஆஸ்திரேலியா 2017 டிசம்பரில் பாப் ஸ்மியரை விட்டு ஹெச்பிவி டெஸ்டுக்கு மாறியது; 2022 ஜூலையிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் வசதியை எல்லோருக்கும் திறந்துவிட்டது.

#18 மரு. நிலா

ரிசல்ட் அன்றே வந்தால் சிகிச்சையும் அன்றே முடியும். புண்ணை உறைய வைக்கும் பழைய கிரையோ முறைக்கு கேஸ் சிலிண்டர் வேண்டும், சிலிண்டர் தீர்ந்தால் வேலை நின்றது. இப்போது தெர்மல் அப்லேஷன் கருவி கைக்குள் அடங்கும், பேட்டரியில் ஓடும். நுனி 100 டிகிரிக்குச் சூடேறி, அரை நிமிட அளவில் அந்த இடத்தைச் சுட்டுவிடும். எல்லோருக்கும் பொருந்தாது. புண் கர்ப்பப்பை வாயின் உள்பக்கம் இறங்கியிருந்தாலோ, புற்றுநோய் என்று சந்தேகம் வந்தாலோ மேலே அனுப்ப வேண்டும். அதனால் கண்ணால் பார்க்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தே ஆக வேண்டும். சிஸ்டரின் டார்ச்சுக்கு நல்ல பேட்டரி வாங்கிக் கொடுங்கள்.

#19 பைப்பட்

ஒருத்தி எழுதியதை எங்கள் குழு மீட்டிங்கில் படித்துக் காட்டினேன். எங்கள் மெஷின் அடிக்கும் சீட்டில் இப்போது இருப்பது மூன்று குறியீடு, ஒரு எண். யாருமே அதை யோசிக்கவில்லை. தோழி, நீங்களே எழுதித் தருவீர்களா? பாசிட்டிவ் சீட்டு. ஐந்து வரிக்கு மேல் இடமில்லை, தாள் அகலம் இரண்டு அங்குலம்.

#20 ஒருத்தி

நேத்து ராத்திரி உக்காந்து எழுதினேன். சரியான்னு பாருங்க.

உங்கள் மாதிரியில் ஹெச்பிவி வைரஸின் ஆபத்தான வகை இருக்கிறது.
இது புற்றுநோய் இல்லை.
பலருக்கு இது தானாகவே போய்விடும். உங்களுக்கு எப்படி என்று இன்றே பார்த்துவிடலாம்.
இது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று இந்த டெஸ்ட் சொல்லாது.
வீட்டுக்குப் போகும் முன் 3-ம் அறையில் சிஸ்டரைப் பாருங்கள்.

#21 வார்டு ஏழு

முதல் வரில "ஆபத்தான"ங்கறதை எடுத்துடுங்க மா. அதைப் படிச்சதும் ரெண்டாவது வரிக்குக் கண்ணு போகாது. "கவனிக்க வேண்டிய வகை"ன்னு போடுங்க. 3-ம் அறைன்னு எழுதாதீங்க, படிக்கத் தெரியாதவங்க இருக்காங்க. கதவுல என்ன கலர் அடிச்சிருக்கோ அந்தக் கலர்ல சீட்டோட ஓரத்துல ஒரு பட்டை போடச் சொல்லுங்க. எங்க கதவு பச்சை.